ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ‘ஒண்ணுமில்ல’ என்று மெசேஜ் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மனநல மருத்துவர் இல்லை, கவுன்சலிங் படித்தவளும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக மாணவிகள், படிப்பை முடித்து வெளியூர் போனவர்கள், தோஹாவில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் என்று பலர் மனசு சரியில்லாதபோது எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அதைப் பார்த்த மற்ற ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நேரில் என்றால் எப்படியாவது ஆறுதல் சொல்லிவிடுவேன். சாட்டில் மட்டும் வார்த்தையே வரமாட்டேன் என்கிறதே, ஏன்?

நம் ஊரில் ஆறுதல் என்பது பெரும்பாலும் பேச்சே இல்லை. துக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். யாரும் வாசலில் நின்று ‘வாங்க’ என்று கூப்பிடுவதில்லை. கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ என்று நாமும் சொல்வதில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் கையைப் பிடித்துவிட்டு வெளியே பந்தலில் போட்ட நாற்காலியில் போய் உட்காருவார்கள். ஒரு மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டு வந்தாலும், பின்னால் அந்த வீட்டுக்காரர் ‘அவங்க வந்து ரொம்ப நேரம் இருந்துட்டுப் போனாங்க’ என்று நன்றியோடு சொல்வார். அந்த ‘இருந்துட்டு’ என்பதில்தான் ஆறுதல் முழுக்க இருக்கிறது.

சாட்டில் அப்படி இருக்க வழியில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் கண்கலங்கி உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் தெரிவது இரண்டு நீலக் குறிகள் மட்டும்தான். ‘படிச்சுட்டாங்க, பதில் இல்ல’ என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து நாம் சும்மா செய்வதையெல்லாம் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். நான் எழுதுவது இப்படி: ‘என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆனா எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். நீ மெதுவா எழுது.’ முதல் இரண்டு மூன்று தடவை இப்படி எழுதக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

அப்படியென்றால் எழுத்தில் சொல்லும் ஆறுதல் மட்டம்தானா?

சில விஷயங்களில் ஆமாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி செல்ட்சரும் அவருடைய சகாக்களும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்ன வயதுப் பெண் குழந்தைகளை அந்நியர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்பட வைத்தார்கள். பிறகு சில குழந்தைகள் அம்மாவை நேரில் பார்த்தார்கள், சிலர் போனில் பேசினார்கள், சிலர் சாட் செய்தார்கள். அம்மாவை நேரில் பார்த்த குழந்தைகளுக்கும் குரலைக் கேட்ட குழந்தைகளுக்கும் பதற்றத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இறங்கியது. சாட் செய்த குழந்தைகளுக்கு அது இறங்கவில்லை. அம்மாவோடு தொடர்பே இல்லாமல் இருந்த குழந்தைகளின் நிலைதான் அவர்களுக்கும். அம்மாவிடமிருந்து ஆறுதல் என்னவோ மூன்று வழியிலும் வந்தது. குரல் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘சாட் வேஸ்ட், போன் பண்ணச் சொல்லு’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆறு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு பெண் எப்படிப் போனில் அழுவாள்? என் சித்தி மகன் தங்கியிருக்கும் அறையில் அடுக்குக் கட்டில். கீழே ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், எதிர்க்கட்டிலில் ஒருவர் வீட்டோடு வீடியோ காலில் இருப்பார். அவனால் சத்தமில்லாமல் எழுத மட்டும்தான் முடியும். இன்னும் சில விஷயங்கள் வாயால் வராது, விரலால்தான் வரும். இங்கிலாந்தில் 1953இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு தொலைபேசி உதவிக்குப் பேர்போனது. அவர்களே 1994இல் மின்னஞ்சலிலும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். போனில் பேச முடியாதவர்களுக்கு ஒரு வழி வேண்டுமே.

நல்ல மனசோடு எழுதியது, கோபத்தில் எழுதியதாகப் போய்ச் சேர்கிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் நடக்கிறது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி வாக்கியங்களைச் சிலரைக் குத்தலாகவும் நிஜமாகவும் சொல்லச் சொன்னார்கள். எது குத்தல், எது நிஜம் என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 தடவை சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 தடவைதான். பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 வந்துவிடும்! நாம் எழுதும்போது நம் குரல் நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தமிழில் இதற்கு நம் கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. ‘விடு’ என்று மட்டும் எழுதினால் அது ஒதுக்கித் தள்ளுவது. ‘விடுப்பா’, ‘விடும்மா’ என்றால் தோளில் கை போடுவது. ‘ஏன் சொல்லல’ என்பது விசாரணை. ‘ஏன்டா தங்கம் எங்கிட்ட சொல்லல’ என்பது வேறு விஷயம். நேரில் பேசும்போது அந்த ‘ப்பா’வும் ‘ம்மா’வும் தானாக வரும். அவசரமாக டைப் செய்யும்போது முதலில் உதிர்ந்துபோவது அவைதான். அவற்றைத் தேடி எடுத்துப் போடுங்கள். முடிந்தவரை ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைத் தவிர்த்து ‘என்ன ஆச்சு’, ‘எப்போலேர்ந்து இப்படி இருக்கு’ என்று கேளுங்கள்.

அனுப்புமுன் ஒரு தடவை கோபக்காரப் பெரியப்பா குரலில் மனசுக்குள் படித்துப் பாருங்கள். அந்தக் குரலிலும் அது வலிக்காமல் இருந்தால் அனுப்பலாம்.

‘ஒண்ணுமில்ல’ என்று எழுதினால் அப்படியே விட்டுவிடலாமா?

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று ராத்திரி 11.40க்கு ‘மேம்’ என்று மட்டும் அனுப்பினாள். ‘சொல்லும்மா’ என்றேன். மேலே ‘டைப்பிங்’ என்று வந்தது, நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நான்காவது தடவைக்கு அப்புறம் வந்தது இவ்வளவுதான்: ‘ஒண்ணுமில்ல மேம்.’

எனக்குப் பதறிவிட்டது. அரியர் ஒரு விஷயமே இல்லை, நீ நல்லாப் படிக்கிற பிள்ளை, நவம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று பதினைந்து வரி அடித்து அனுப்பினேன். ‘ஓகே மேம், தேங்க்ஸ், குட் நைட்’ என்று வந்தது. கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

தூக்கம் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து ‘சாப்டியா?’ என்று கேட்டேன்.

‘இல்ல மேம்.’

‘மெஸ்ஸுல என்ன இன்னைக்கு?’

‘உப்புமா.’

‘பிடிக்காதா?’

‘பிடிக்கும். கீழ போனா எல்லாரும் ரிசல்ட் கேப்பாங்க.’

பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. அரியர் அவளுக்குப் பெரிய கவலையே இல்லை. அப்பாவுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. தங்கச்சியைப் பன்னிரண்டாவதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். தன் ஹாஸ்டல் பீஸால்தான் இது என்று நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள். என்னுடைய பதினைந்து வரியில் ஒரு வரிகூட அவள் கஷ்டத்தைத் தொடவில்லை.

‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லத்தான் ஒருவர் பன்னிரண்டு மணிக்கு மெசேஜ் போடுவாரா? விடாதீர்கள். ஆனால் ‘சும்மா சொல்லாத, என்ன விஷயம் சொல்லு’ என்று பிடித்து இழுக்கவும் வேண்டாம். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். நம்மிடம் ‘சாப்டியா’ இருக்கிறது. அதைவிட நல்ல கேள்வி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

எதையெல்லாம் எழுதாமல் இருப்பது நல்லது?

‘ஸ்ட்ராங்கா இரு.’ இதைப் படிப்பவர் ‘இனிமேல் இவரிடம் அழக் கூடாது போல’ என்றுதான் புரிந்துகொள்வார். ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்பது அவரே ஒருநாள் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை, நாம் சொல்ல முடியாது. ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க’ என்பதை நேரில் பாட்டி தலையைத் தடவிக்கொண்டு சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். திரையில் படித்தால் அது திட்டு.

அப்புறம், ஃபார்வர்டு. ரோஜாப்பூ படமும் தன்னம்பிக்கை வரியும் நூறு பேருக்குப் போனது என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பதில் எழுத்துப் பிழையோடு நீங்களே அடித்த அரை வரி போதும்.

நான் வகுப்பில் இருக்கிறேன், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உடனே பதில் போட முடியாவிட்டால்?

வாட்ஸ்அப்பில் நீலக் குறி 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன்னால் பதில் வராவிட்டால் ‘இன்னும் பார்க்கவில்லை போல’ என்று மனசைத் தேற்றிக்கொள்ள வழி இருந்தது. இப்போது அது போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேருந்தில் கொடைக்கானல் போய்க்கொண்டிருந்தேன். சித்தி மகன் ‘அக்கா, முடியலக்கா’ என்று எழுதியிருந்தான். படித்தேன். பதில் அடிப்பதற்குள் மலை ஏறியதும் சிக்னல் போய்விட்டது. திரும்ப வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் அவன் நான்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். கடைசி மெசேஜ்: ‘சாரிக்கா. உங்கள டிஸ்டர்ப் பண்ணிட்டேன்.’ அந்த ‘சாரி’யை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். திறந்து படித்தால், ஒரு வரியாவது போட்டுவிட்டுத்தான் போனை மூடுவேன். ‘படிச்சுட்டேன்டா. இப்ப வகுப்பு இருக்கு. 3.20க்கு முடியும், முடிஞ்சதும் எழுதறேன்.’ நேரத்தைச் சொல்லுங்கள். ‘அப்புறம்’ என்று சொல்லாதீர்கள். மனசு உடைந்திருப்பவருக்கு ‘அப்புறம்’ எப்போது என்று தெரியாது. 3.20 என்று சொன்னால் 3.20க்கு எழுதியாக வேண்டும், அதில் சமாதானமே கிடையாது.

ராத்திரி பேச்சை முடிக்கும்போதும் இதேதான். சும்மா காணாமல் போகாமல், ‘நான் படுக்கப் போறேன். காலைல 7 மணிக்கு எழுந்ததும் உனக்குத்தான் முதல் மெசேஜ்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தமிழிலா, தங்கிலீஷிலா?

அவர் எதில் எழுதுகிறாரோ அதில். அவர் பேச்சுத் தமிழில் எழுதும்போது நீங்கள் ‘தங்கள் மனவேதனையை உணர்கிறேன்’ என்று எழுதினால், அவர் எதிரே ஆபீஸ் மேஜை முளைத்துவிடும்.

எப்போது போனுக்கு மாறலாம்?

கேட்டுவிட்டு மாறுங்கள். திடீரென்று அழைத்தால் பலர் எடுக்க மாட்டார்கள், அதோடு எழுதுவதையும் நிறுத்திவிடுவார்கள். ‘குரல் கேக்கணும் போல இருக்கு, அஞ்சு நிமிஷம் கூப்பிடவா? வேண்டாம்னா எழுதுவோம்’ என்று கேட்கலாம். நடுவில் வாய்ஸ் நோட் இருக்கிறது. உங்கள் குரல் அவருக்குக் கிடைக்கும், அவர் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இயர்போனில் கேட்டுக்கொள்ளலாம், மூன்று தடவை போட்டுக் கேட்கலாம். என் சித்தி மகனுக்கு நான் இப்போது அதிகம் அனுப்புவது இதுதான். பின்னால் குக்கர் விசில், தெருவில் காய்கறிக்காரர் சத்தம் எல்லாம் சேர்ந்தே போகும். ஒருநாள் கேட்டான், ‘அக்கா, அந்தக் கீரைக்காரம்மா குரல் இன்னைக்கு வரலியே?’

சாக வேண்டும் போல இருக்கிறது என்று எழுதினால்?

இந்த ஒரு பதிலை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், நேராகக் கேளுங்கள்: ‘உயிரை விட்டுடணும்னு நினைக்கிறியா?’ இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்றுதான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவராவது கேட்டார்களே என்று மூச்சு விடுபவர்கள்தான் அதிகம். சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும்.

ஆமாம் என்றால் அறிவுரை, வாதம், ‘அம்மாவ நினைச்சுப் பாரு’ எல்லாம் வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டியது: இப்போது எங்கே இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள், தன்னை ஏதாவது செய்துகொண்டுவிட்டாரா, செய்துகொள்ள ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா. நேரில் என்றால் கண்ணால் பார்த்துவிடுவோம். சாட்டில் கேட்டால்தான் தெரியும். பிறகு அவரோடு எழுதிக்கொண்டே, வேறு ஒரு போனிலிருந்து அவருக்குப் பக்கத்தில் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்: வார்டன், அறைத் தோழி, பக்கத்து வீட்டுக்காரர். தூரத்தில் இருக்கும் நம்மால் முடியாத ஒரே காரியம் அவர் பக்கத்தில் போய் உட்காருவது. அதைச் செய்யக்கூடிய ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அந்த நேரத்தில் நம் வேலை. ஆபத்து உடனடியானது என்றால் தமிழ்நாட்டில் 108 அல்லது 112.

‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க’ என்பார்கள். பண்ணாதீர்கள். நான் சொல்வது: ‘ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிர் விஷயம்னா ஒருத்தர்கிட்டயாவது சொல்லுவேன். யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு.’ பெரும்பாலும் ஒரு பெயர் வரும்.

மனநல உதவி எண்களைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்தியாவில் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926. சிங்கப்பூரில் 1767. மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ், 03-76272929. பிரிட்டனில் 116 123. அமெரிக்காவில் 988, அங்கே குறுஞ்செய்தியாகவும் எழுதலாம். சொந்தக்காரர் வளைகுடா நாட்டில் இருந்தால், அதே அறையில் தங்கியிருக்கும் ஒருவருடைய எண்ணை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படி வாங்கி வைத்திருக்கிறேன்.

உதவி கேட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ?

இந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொன்னது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. இலங்கை 1998இலும், சிங்கப்பூர் 2020இலும், மலேசியா 2023இலும் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. மனசில் இருப்பதை ஒருவரிடம் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

குடும்ப குரூப்பில் ஒருவர் மனசு உடைந்து எழுதிவிட்டார். அங்கேயே பதில் போடலாமா?

குரூப்பில் ஒரு வரி, மீதியெல்லாம் தனியாக. இருபது பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டு, ஒருவர்கூடத் தனியாகப் பேசாமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பேசிவிட்டார்கள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு எழுதலாமா? அல்லது அவரையே அதோடு பேசச் சொல்லலாமா?

எழுத்தில் பதில் வந்தாலே அந்தப் பக்கம் ஒரு மனசு இருப்பதாக நினைக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதற்குமேல் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதை அவர் உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்.

ராத்திரி மூன்று மணிக்கு யாருமே இல்லாதபோது ஒருவர் அதில் எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பும் ஆறுதலை அதனிடம் எழுதி வாங்காதீர்கள். உங்களை அறிந்தவருக்கு உங்கள் வாக்கியம் எப்படி இருக்கும் என்று தெரியும். அழகான நான்கு பத்தி வந்து விழுந்தால், ‘இது இவங்க எழுதினது இல்ல’ என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் உங்களுக்கு எழுத மாட்டார்.

கேட்டுக் கேட்டு எனக்கே தாங்கவில்லை. நிறுத்திக்கொண்டால் தப்பா?

தப்பில்லை. நானும் அந்த நிலைக்கு வந்திருக்கிறேன். ஒரு வருஷம் போனில் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். தெரிந்த மருத்துவர் ஒருவர்தான், ‘நீங்க ஒருத்தரே தாங்கறீங்க, அதான் பிரச்சினை’ என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் தனி ஆளாக இருப்பதில்லை. முதல் வாரத்திலேயே இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்: ஒரு தோழி, ஓர் அத்தை, கல்லூரி கவுன்சலர். சொல்லாமல் விலகுவதுதான் காயப்படுத்தும். ‘இந்த வாரம் எனக்கு உடம்பும் மனசும் சரியில்ல. ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். அதுவரைக்கும் உன் ஃபிரெண்டுகிட்ட பேசுவியா?’ என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சிலர் அன்றைக்கு என்னை விசாரித்து எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். அந்தப் பழைய சாட்டை அழித்துவிடலாமா?

அவரைக் கேளுங்கள், அது இரண்டு பேருக்கும் சொந்தம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூன்றாவது ஆளிடம் காட்டவே கூடாது, பெயரை மறைத்தாலும்கூட. உப்புமா சாப்பிடாமல் இருந்த பெண்ணைப் பற்றி மேலே எழுதியதை அவளுக்கு அனுப்பி, அவள் சரி என்ற பிறகுதான் இங்கே போட்டிருக்கிறேன். டிகிரி வாங்கிய அன்றைக்கு அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். ‘மேம், அந்த மெசேஜெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?’ என்றாள். அழிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் போனை எடுத்தேன். ‘இல்ல மேம், என் போன்ல அழிச்சுட்டேன், வீட்டுல எடுத்துப் பாப்பாங்க. உங்க போன்ல இருக்கட்டும்’ என்றாள். தங்கச்சி பி.காம். சேர்ந்திருப்பதாகவும் சொன்னாள். போன வருஷம் போன் மாற்றியபோது அந்த சாட் புதுப் போனுக்கு வந்துவிட்டதா என்று கடைக்காரர் எதிரிலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கொடுத்தேன்.